பதினான்காம் பக்கத்து ஆம்புலன்ஸ்

எங்கள் எம்.பி. மூன்று முறை நின்றார். முதல் முறை தோற்றார், இரண்டாம் முறை ஜெயித்தார், மூன்றாம் முறை தோற்றார். இணையத்தில் தேடினால் இந்த மூன்று வரி கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும், ஒன்று பச்சை, இரண்டு சிவப்பு. அந்தக் கடைசிச் சிவப்புக் கட்டத்துக்கு நான்தான் காரணம் என்று எங்கள் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் டீக்கடையில் பேசுகிறார்கள். பேசட்டும்.

நீங்கள் நான்கு பேரும் எங்கள் எம்.பி.யைத் தோற்கடித்தவரின் தொகுதி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருத்தி போன் செய்து, "அக்கா, நீங்க குடுத்த மனுப் பேரேட்டுல பச்சை டிக்குல நெறைய சிவப்பு மையில அடிச்சிருக்கீகளே, அது என்ன கதை?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதியே தருகிறேன்.

எனக்கு வயது இருபத்தொன்பது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பேசுகிற பேச்சை இந்த வயதில் பேசுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நம் வேலை அப்படிப்பட்டது. எம்.பி. தோற்ற அன்று மாலையே அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்துவிடும். பிரிவு உபசார விழா, சால்வை எதுவும் கிடையாது. நாற்காலி யாருடையது என்ற தகராறு மட்டும் நடக்கும்.

எங்கள் எம்.பி. திருத்தங்கலில் அச்சாபீஸ் வைத்திருந்த குடும்பத்துப் பெண். தொகுதி முழுக்க அவருக்கு அக்கா என்றுதான் பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன். அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்த கையோடு அவரிடம் வேலை கேட்டுப் போனேன். அப்போதுதான் ஜெயித்திருந்தார். வாசலில் மாலைகள் வாடிக்கிடந்தன.

"டெல்லியில இருக்க ஆசையா, இங்கன இருக்க ஆசையா?" என்று கேட்டார்.

"டெல்லிதான்க்கா."

"அப்ப இங்கன இரு. டெல்லிக்கு ஆசப்படுறவுக டெல்லிக்குப் போனா ஊருப் பக்கமே திரும்ப மாட்டாக."

இப்படித்தான் விருதுநகர் அலுவலகத்தில் மனுப் பேரேட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன். பாராளுமன்றத்தில் கேள்வி எழுதித் தரப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள், முதல் ஆறு மாதம் ஓய்வூதியம் வராதவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு கேள்விகளும் எழுதினேன். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கே பொறுக்காது. பட்டாசுத் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி அக்கா அவையில் கேட்ட கேள்விகளில் பல என் கையெழுத்தில் பிறந்தவை.

பேரேட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அக்காவின் உதவியாளரான எங்கள் பி.ஏ. பாண்டியண்ணன். இரண்டு போனில் பேசிக்கொண்டே மூன்றாவது ஆளுக்குக் கடிதம் சொல்லுவார், ஒரு சொல் பிசகாது. அவர் சொன்ன முறை எளிது. மனு வந்தால் வரிசை எண் போட வேண்டும். அக்காவின் பரிந்துரைக் கடிதம் சம்பந்தப்பட்ட துறைக்குப் போனால் தேதி குறிக்க வேண்டும். துறையிலிருந்து பதில் வந்ததும் பக்கத்தில் பச்சை மையால் ஒரு டிக்.

இரண்டாவது வாரத்திலேயே நான் கேட்டேன். "அண்ணே, இந்தப் பதில்ல இப்போதைக்கு இயலாதுன்னுல்ல எழுதியிருக்கு. இதுக்கும் டிக்கா?"

"பதில் வந்திருச்சுல்ல பாப்பா. கடுதாசி போயிட்டு வந்தா நம்ம ஓட்டம் அம்புட்டுத்தான். மிச்சத்தக் கவர்மெண்டு ஓடட்டும்."

அன்றைக்குச் சிரித்துவிட்டு டிக் போட்டேன். அடுத்த ஐந்து வருஷமும் போட்டேன். அவரைக் குறை சொல்லவில்லை. நாட்டில் எந்தத் தொகுதி அலுவலகத்தைத் திறந்து பார்த்தாலும் இதே டிக் இருக்கும். உங்கள் மேசையிலும் இந்நேரம் நாலைந்து விழுந்திருக்கும்.

இனி முத்துமாரிக்கு வருகிறேன்.

சாத்தூரைத் தாண்டி உள்ளே போனால் நாலு கிராமங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நாலுக்கும் நடுவில் பட்டாசுக் கம்பெனிகள். அங்கே ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர் முத்துமாரி. அவர் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் தீப்பிடித்தபோது, அட்டைப்பெட்டி ஏற்றுகிற லோடு வண்டியில், பெட்டிகளை இறக்கக்கூட நேரமில்லாமல், அவற்றுக்கு நடுவில் கிடத்தித்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். இரண்டு கையும் முழுதாக மடங்காது.

அலுவலகத்துக்கு வந்த அன்று முத்துமாரி நஷ்டஈடு கேட்கவில்லை. "நாலு ஊருக்கும் நடுவுல ஒரு ஆம்புலன்ஸ் நிக்கணும். டவுன்லருந்து வண்டி வாரதுக்குள்ள எங்க ஆளுக லோடு வண்டியில ஏத்திருறாக. குலுங்கிக் குலுங்கித்தான் பாதி உசுரு போகுது" என்றார். மனுவை அவரே எழுதியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து, ஆனால் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். கடிதம் போயிற்று. கோரிக்கை உரியவர்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. பச்சை டிக் போட்டேன். அடுத்த வருஷம் வந்தார். மீண்டும் டீ, கடிதம், பதில், டிக். மூன்றாம் முறை வந்த பதில்தான் நீளமானது. வாகனம் ஒதுக்க வாய்ப்புண்டு, ஓட்டுநர் பணியிடத்துக்கு ஒப்புதல் கிடைத்ததும் பரிசீலிக்கப்படும். அதைப் படித்து நானே துள்ளினேன். வாய்ப்புண்டு என்கிறார்களே. அந்தத் துள்ளலோடு ஒரு டிக் போட்டேன். மற்ற டிக்குகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருப்பேன்.

தேர்தல் வந்தது. அக்காவின் ஐந்து வருஷப் பணியை முப்பத்திரண்டு பக்கப் புத்தகமாகப் போடுவது என்று முடிவானது. எழுதுகிற பொறுப்பு எனக்கு. எத்தனை நாள் அவைக்குப் போனார், எத்தனை கேள்வி கேட்டார், எந்த ஊருக்கு என்ன செய்தார் என்று எல்லாம் வர வேண்டும். பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பச்சை டிக் இருக்கிறதையெல்லாம் வரிசையாகப் புத்தகத்தில் ஏற்றினேன். கவனியுங்கள், அந்த டிக்குக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவற்றில் பாதி என் கை போட்டவை. ஆனால் ஐந்து வருஷம் ஒரு அடையாளத்தைப் போட்டுக்கொண்டே இருந்தால், அது எதற்காக என்பது கைக்கு மறந்துவிடுகிறது. பச்சையைப் பார்த்தால் வேலை நடந்தது என்று மனசு தானாகவே படித்துக்கொண்டது. பதினான்காம் பக்கத்தில் எழுதினேன்: "நான்கு கிராம மக்களின் நெடுநாள் கோரிக்கையான ஆம்புலன்ஸ் வசதி ஏற்படுத்தித் தரப்பட்டது." பக்கத்தில் பளபளவென்று ஒரு ஆம்புலன்ஸ் படமும் வைத்தேன். அது எந்த ஊர் வண்டியோ.

அச்சுக்கு முன் அக்காவிடம் மாதிரித் தாள்கள் போயின. அக்கா முப்பத்திரண்டு பக்கத்தையும் ஒன்று விடாமல் பார்த்தார். எப்படி? கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, சாய்த்து, வெளிச்சத்தில் காட்டி.

"ஏழாம் பக்கத்துல நீலம் ஒரு நூலு விலகியிருக்கு. பதினாலுல வண்டி மேல இருக்க சிவப்பு மங்கலா வருது, ஏத்தச் சொல்லு."

சிவப்பை ஏற்றச் சொன்னார், ஏற்றினோம். அச்சாபீஸில் வளர்ந்த கண்ணுக்கு நிறம் விலகியது தெரிந்தது. நிஜம் விலகியது தெரியவில்லை. அவருக்கு மட்டுமில்லை. அதைப் பார்த்த பத்துப் பேரும் அச்சுக்குப் பேர்போன இந்தச் சிவகாசிப் பக்கத்துக்காரர்கள். எல்லோரும் மையைப் பார்த்தார்கள், மடிப்பைப் பார்த்தார்கள், ஓரம் வெட்டினது நேராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். வாக்கியத்தை ஒருவரும் படிக்கவில்லை.

இன்னொன்று. தேர்தல் நேரத்தில் எந்தத் தாளை அச்சடித்தாலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் கீழே இருந்தாக வேண்டும். வெளியிடுகிறவர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும், அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்குப் பாண்டியண்ணன் வெளியூரில். "பாப்பா, நீயே போட்டுரு, எல்லாம் ஒண்ணுதான்" என்றார் போனில். போட்டேன். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் என் பெயர் வந்தது. அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

பிரச்சாரம் தொடங்கிய பத்தாம் நாள் காலை. கம்பெனி வேன் வருவதற்கு முன்னால், வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு கூடி நிற்கிற இடத்தில் அக்காவின் ஜீப் நின்றது. நாலு கிராமத்தில் முதல் கிராமம் அது. நான் ஜீப்பில் அக்காவுக்குப் பின்னால் புத்தகக் கட்டோடு நின்றேன். அக்கா மைக்கைக் கையில் எடுத்ததுதான் தாமதம், கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு புத்தகம் உயர்ந்தது. முத்துமாரி.

"அக்கா, பதினாலாம் பக்கத்துல இருக்க வண்டி எங்கன நிக்கிது? கையக் காட்டுங்க, வேன் வாரதுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்துருறோம்."

பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் முதலில் சிரித்தார், ஏதோ விளையாட்டு என்று. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மைக்கை இறக்கினார்.

"விசாரிச்சுச் சொல்றேன்மா."

"இதுல விசாரிக்க என்னக்கா இருக்கு? நீங்க போட்ட புத்தகம். வெடிய நாங்க செய்றோம், சத்தம் மட்டும் உங்க புத்தகத்துல கேக்குது" என்றார் இன்னொரு பெண். சிரிப்பு பெரிதானது.

முத்துமாரி சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திருப்பி, கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். "வெளியிட்டவர்னு ஒரு பேரு போட்டுருக்கு. இது யாரு?"

ஜீப்பிலிருந்து இறங்கினேன். இறங்காமலும் இருந்திருக்கலாம். டிரைவர் ஏற்கனவே கியரில் கை வைத்திருந்தார்.

"நான்தான்க்கா."

அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "எனக்கு மூணு தடவ டீ வாங்கிக் குடுத்த புள்ளல்ல நீ?"

அவ்வளவுதான் கேட்டார். வேன் வந்தது. பெண்கள் ஏறிப் போனார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மதியம் திருத்தங்கலில் அக்கா வீட்டில் உட்கார்ந்தோம், அக்கா, பாண்டியண்ணன், நான். பாண்டியண்ணன் பதறவில்லை. அவர் பதறி நான் பார்த்ததே இல்லை.

"ஒரு சின்ன விஷயம். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுறான். ஓட்டுப் போடுற நாள் வரைக்கும் அந்த நாலு ஊரு முக்குல நிப்பாட்டச் சொல்வோம். நம்ம கொடி, படம் எதுவும் வேண்டாம். சும்மா நிக்கட்டும். கேக்குறவுகளுக்கு அந்தா நிக்கிதுன்னு காட்டிருவோம்."

"ஓட்டுப் போட்டதுக்கு மறுநாள்?" என்று கேட்டேன்.

"மறுநாள் ஜெயிச்சவுக பாடு."

"அண்ணே, வண்டி நிக்கிதுன்னு நம்பி அவுக லோடு வண்டிய எடுக்காம காத்துக் கெடந்தா? மறுநாள் தீப்பிடிச்சா?"

"பிடிக்காது பாப்பா."

"அத எந்த டிபார்ட்மெண்ட்ல கேட்டு டிக் போட்டீக?"

அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னைவிட இருபது வயது மூத்தவர், எனக்கு வேலை சொல்லித்தந்தவர். ஆனால் பேசிவிட்டேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. தேர்தல் நேரத்தில் அப்படி வண்டி கொண்டுபோய் நிறுத்துவது விதிக்கே விரோதம் என்பது வேறு. அதை அவரும் அறிவார், நானும் அறிவேன். இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. விதியைக் காட்டித் தப்பித்தால் அந்த யோசனையில் உள்ள அசிங்கம் பேசப்படாமலே போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

"சரி," என்றார் பாண்டியண்ணன், அக்காவைப் பார்த்து. "வண்டி வேண்டாம். புத்தகத்துல ஒரு சீட்டு ஒட்டிருவோம். பதினாலாம் பக்கத்தில் அச்சுப்பிழை நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம். ஒரு வரி. முடிஞ்சு போச்சு."

அக்கா நிமிர்ந்தார்.

"யாரு பிழை?"

"அச்சுப்பிழைக்கா. எல்லாரும் போடுறதுதான."

"எங்க அய்யா அச்சாபீஸ் வச்சிருந்தப்ப, வாரவுக எழுதிக்குடுத்த தப்பயெல்லாம் அச்சுப்பிழைன்னுட்டுப் போவாக. ஒரு தடவ ஒரு கல்யாணப் பத்திரிக்கையில மாப்பிள்ளையோட தாத்தா பேரயே மாத்தி எழுதிக் குடுத்துட்டு, அச்சாபீஸ்காரன் குடிச்சிட்டு அடிச்சான்னு ஊரெல்லாம் சொன்னாக. எங்க அய்யா டீத்தண்ணி தவிர வேற குடிச்சதில்ல." குரல் உயரவில்லை. "அச்சடிச்சவுக நீங்க குடுத்ததத்தான் அடிச்சாக. நல்லா அடிச்சாக. சிவப்புக்கூட ஏத்தி அடிச்சாக. அவுக மேல பழியப் போட்டு நான் ஓட்டுக் கேக்க மாட்டேன்."

"அப்ப என்னன்னு போடுறது?"

அக்கா என்னைப் பார்த்தார். "ஏ புள்ள. நீதான எழுதுன. நீயே எழுது."

வேட்பாளரின் பணிப் புத்தகத்தில் வேட்பாளருக்கு எதிராக எப்படி எழுதுவது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. நாலு தாளைக் கிழித்தேன். முதல் தாளில் 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று தொடங்கினேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இரண்டாவதில் 'முயற்சிகள் முழுவீச்சில்' என்று எழுதினேன். "எந்த வீச்சு? மூணு கடுதாசிதான போட்டோம்" என்றார். கடைசியில் நின்றது இதுதான்:

"இந்தப் பக்கத்தில் சொன்ன ஆம்புலன்ஸ் வரவில்லை. அதற்காக மூன்று கடிதம் எழுதினோம். அவ்வளவுதான் செய்தோம். வந்தது என்று எழுதியது எங்கள் தவறு."

பாண்டியண்ணன் அதை இரண்டு முறை படித்தார். "இதுக்கு எதிராளிக்கே ஓட்டுக் கேட்டுட்டுப் போயிரலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் அச்சாபீஸில் சீட்டு ஒட்டுகிற வேலை. பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மீதமிருந்த புத்தகக் கட்டுகளைப் பிரித்து, பதினான்காம் பக்கத்தில் அந்த ஆம்புலன்ஸ் படத்தின் மேலேயே சீட்டை ஒட்டினார்கள். லேபிள் ஒட்டிப் பழகிய விரல்கள். ஒரு சீட்டுக்கூடக் கோணவில்லை. "இம்புட்டு நாளா தீப்பெட்டிக்கு ஒட்டுனோம், காலண்டருக்கு ஒட்டுனோம். எம்.பி. வாய்க்கு இப்பத்தான் ஒட்டுறோம்" என்றார் ஒரு அம்மாள். அக்காவே அங்கே நின்றுகொண்டிருந்தார். "நல்லா அழுத்தி ஒட்டு" என்றார்.

ஏற்கனவே வெளியே போன புத்தகங்களை எல்லாம் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் அந்த நாலு கிராமத்துக்கு நானே போனேன், பசையும் சீட்டுமாக. வீடு வீடாகப் புத்தகத்தை வாங்கி ஒட்டிக் கொடுத்தேன். சிலர் புத்தகத்தை அடுப்படியில் பாத்திரத்துக்கு அடியில் வைத்திருந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளை ஆம்புலன்ஸ் படத்தை மட்டும் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தச் சுவரிலும் ஒட்டினேன்.

முத்துமாரி வீட்டில் அவர் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முத்துமாரி புத்தகத்தை நீட்டினார்.

"இத ஒட்டுனா வண்டி வருமா?"

"வராதுக்கா."

"பெறகு எதுக்கு வெயில்ல அலையிறே?"

"கீழ என் பேரு இருக்குல்ல."

ஒட்டினேன். சீட்டு சாய்ந்துவிட்டது. அவர் என் கையிலிருந்து அதை வாங்கி, பசை காய்வதற்குள் நகத்தால் உரித்து, நேராக வைத்து, உள்ளங்கையால் ஒரே அழுத்து. "எம்.ஏ. படிச்சிருக்கே, ஒரு சீட்டு ஒட்டத் தெரியல" என்றார். அவர் கணவர் சிரித்தார். டீ கொடுத்தார்கள். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், நானும் நினைக்கவில்லை. "ஓட்டு யாருக்குன்னு கேக்காத" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்.

உங்கள் கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? அன்று மாலைக்குள் சீட்டின் படம் எல்லாப் போனிலும் இருந்தது. சிவகாசி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உங்கள் பேச்சாளர் ஒருத்தர் மேடையில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசினார். "பதினாலாம் பக்கத்த அவுகளே ஒட்டி மூடிட்டாக. மிச்சம் முப்பத்தொரு பக்கத்துக்குச் சீட்டு எப்ப அடிப்பீக?" கைதட்டல் நிற்க நேரமானது. உண்மையைச் சொன்னால் நல்ல வரி. அக்காவிடம் வீடியோவைக் காட்டினேன். அவரும் சிரித்தார். பிறகு, "மிச்சத்தையும் பாத்தியா? அதுல எதுவும் இருக்கா?" என்று கேட்டார்.

பார்த்திருந்தேன். அந்த இரண்டு நாளும் தூங்காமல் பேரேட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊர் ஊராகப் போன் செய்து கேட்டிருந்தேன். இன்னும் இரண்டு இடத்தில் இதே டிக் ஏமாற்றியிருந்தது. சொன்னேன். அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அதுக்கும் சீட்டு அடிச்சிரு. ஒட்டு."

ஒட்டினோம். மூன்று சீட்டு ஒட்டிய புத்தகத்தோடு தேர்தலைச் சந்தித்த ஒரே வேட்பாளர் எங்கள் அக்காவாகத்தான் இருக்க வேண்டும். இந்த விவரம் இணையத்தில் கிடைக்காது.

எண்ணிக்கை நாளன்று நான் மையத்துக்குள் முகவராக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணைக் குறித்தேன். பாதியிலேயே தெரிந்துவிட்டது. அந்த நாலு கிராமத்து வாக்குச்சாவடிகளில் எங்களுக்கு ஓட்டு கூடியதா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். கதையில் அப்படி ஒரு திருப்பம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர்கள் முகத்தில் தெரியும். கூடவில்லை. போன முறையைவிடக் குறைந்திருந்தது. சீட்டு ஒட்டாத ஊர்களிலும் குறைந்திருந்தது. சில ஊர்களில் கூடியும் இருந்தது. சீட்டினால்தான் தோற்றோம் என்று நிரூபிக்கிற கணக்கு யாரிடமும் இல்லை, இல்லை என்று நிரூபிக்கிற கணக்கு என்னிடமும் இல்லை.

வெளியே வந்தபோது பாண்டியண்ணன் வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். "சந்தோசமா பாப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கொடுமை. அவருக்கும் அன்றைக்கே ஓய்வு. பையன் கல்லூரியில் படிக்கிறான்.

"இல்லண்ணே. ஆனா ஒட்டுனது ஒட்டுனதுதான்."

அக்கா காரில் ஏறப்போனவர் என்னைக் கூப்பிட்டார். "யாராவது கேட்டா, சீட்ட அக்காதான் ஒட்டச் சொன்னாகன்னு சொல்லு. ஒனக்கு இனிமே வேல தேடணும்ல."

அந்த ஒரு சொல்லை மட்டும் நான் கேட்கவில்லை. இதுவரை மூன்று நேர்காணலுக்குப் போனேன். மூன்றிலும் அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்டார்கள். எழுதியது நான் என்றுதான் சொன்னேன். ஒரு இடத்தில் வேலை கிடைக்கவில்லை, ஒரு இடத்தில் கிடைத்தது, மூன்றாவது இடத்தில் இன்னும் யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும்.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன்? நேர்மையாக இருந்தால் ஜெயிக்கலாம் என்று சொல்ல வரவில்லை. நாங்கள் ஜெயிக்கவில்லையே. தோற்றாலும் தலை நிமிர்ந்து நிற்கலாம் என்பதும் மேடையில் சொல்ல நன்றாக இருக்கும். தோற்ற அன்று யாரும் நிமிர்ந்து நிற்பதில்லை, நான் அழுதேன். நான் சொல்ல வந்தது அந்தப் பச்சை டிக்கை மட்டும்தான்.

அலுவலகத்தைக் காலி செய்தபோது மனுப் பேரேட்டை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. "பழைய பேப்பருக்குப் போடு. இல்லாட்டி எரி. எதிராளி கையில கெடைச்சா நம்ம செய்யாததெல்லாம் ஒண்ணா ஒரே எடத்துல இருக்கும்" என்றார்கள். சரியான பேச்சுதான். அக்காவிடம் கேட்டேன். "மனு குடுத்தவுக எனக்கா குடுத்தாக? எம்.பி.க்குக் குடுத்தாக. எம்.பி. யாரோ அவுககிட்டக் குடு" என்றார்.

அப்படித்தான் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். உங்களில் இரண்டு பேர் அன்றைக்கு இருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். என்னை உள்ளே விடலாமா என்று நீங்கள் போனில் கேட்டுக்கொண்டிருந்த அரை மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால், நடக்காத வேலைக்குப் போட்ட ஒவ்வொரு பச்சை டிக்கையும் அடித்தேன். நடந்தவற்றை விட்டுவைத்தேன். அவையும் இருக்கின்றன, எண்ணிப் பாருங்கள். எங்கள் அக்காவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நான் தனியாக வரவில்லை. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் முத்துமாரி உட்கார்ந்திருந்தார், நாலாவது மனுவோடு. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே கூப்பிட்டதும் உங்கள் பி.ஏ. மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "பாத்துருவோம்மா, நீங்க போங்க" என்றார். முத்துமாரி போகவில்லை.

"அந்த ஏட்டுல ஒரு கோடு இழுங்க" என்றார்.

"என்ன கோடு?"

"டிக்குப் போடுற எடத்துக்குப் பக்கத்துல. கையெழுத்துக்குன்னு ஒரு கட்டம். வண்டி வந்து நின்னு, நான் தொட்டுப் பாத்து, அந்தக் கட்டத்துல நான் கையெழுத்துப் போட்ட பெறகுதான் நீங்க டிக்குப் போடணும். எனக்கு டீ எல்லாம் வேண்டாம்."

உங்கள் பி.ஏ. சிரித்தார், இருந்தாலும் அளவுகோலை எடுத்துக் கோடு இழுத்தார். அதை மறுக்க மாட்டேன். அந்தக் கோடு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முத்துமாரியின் கட்டம் நேற்றுவரை காலி. நான் அவரிடம் போனில் கேட்டுவிட்டேன்.

உங்கள் எம்.பி.யின் பணிப் புத்தகத்தையும் ஒரு நாள் உங்களில் ஒருவர்தான் எழுதுவீர்கள். இந்த ஊரில்தான் அச்சாகும். நிறம் நூல்கூட விலகாமல் வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அது கைக்கு வந்ததும் நானும் முத்துமாரியும் அட்டையைப் பார்க்க மாட்டோம். அந்த நாலு ஊரின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடித் திறப்போம். பிறகு கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், வெளியிட்டவர் யார் என்று பார்ப்போம்.